ஒட்டுக்குத் தனி விலை

அந்த ஒட்டு ஒன்றின் விலை பதினோரு டாலர். மருந்து தனி. அதை ஒட்டி, கரண்டு விட்டு, பக்கத்திலேயே ஒரு ஆள் உட்கார்ந்திருந்து முடித்தால் காப்பீட்டுக்காரன் தருவது பதினான்கோ பதினைந்தோ. அதற்குள்ளேயே ஒட்டும் அடக்கம், மருந்தும் அடக்கம், சிகிச்சை செய்கிற ஓடெட்டின் சம்பளமும் அடக்கம், அதற்கு பில் போட்டு அனுப்புகிற என் கூலியும் அடக்கம். ஒட்டுக்கென்று தனியாக ஒரு வரி போட்டால், 'சிகிச்சையில் அடங்கியது' என்று முகத்தில் அடித்த மாதிரி திரும்பி வரும். சரி, நோயாளியிடம் கேட்கலாமென்றால் அதுவும் கூடாது; கேட்டால் விதிமீறல். பத்தொன்பது வருடமாக இந்தக் கண்றாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த விதியை எழுதியவனுக்கு ஒரு நாளாவது கட்டைவிரல் வலித்திருக்காது என்று அடித்துச் சொல்வேன்.

ஒட்டு என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. பாதி உள்ளங்கை அளவுக்கு ஒரு பஞ்சுப் பட்டை. வீக்கத்தை வற்றவைக்கிற மருந்தில் அதை நனைத்து, வலிக்கிற இடத்தில் ஒட்டி, ஒரு சின்னப் பெட்டியிலிருந்து லேசாகக் கரண்டு விட்டால், ஊசி குத்தாமலே மருந்து தோலுக்குள் இறங்கும். எறும்பு ஊர்வது போல இருக்கும், அவ்வளவுதான். புத்தகத்தில் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. எங்கள் ஊரான டன்னிங் துறையில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. "ஓடெட், ஒட்டு ஒண்ணு போட்டு விடேன்" என்றால் முடிந்தது.

மேய்ன் மாநிலத்தின் கிழக்குக் கரையில் பிறந்தவனுக்குக் கை தேயாமல் இருக்காது. கோடையில் சிங்கி இறால் கூண்டு இழுக்க வேண்டும், ஆகஸ்டில் குனிந்து குனிந்து அவுரிநெல்லி வார வேண்டும், நவம்பர் வந்தால் கிறிஸ்துமஸுக்குக் கதவில் மாட்டுகிற ஊசியிலை வளையம் கட்ட வேண்டும். ஓடெட் பெல்கி பழைய இரும்புக்கடையை வாங்கி பிசியோதெரபி நிலையம் திறந்த நாளிலிருந்து ஊரில் பாதிப் பேரின் முழங்கையும் மணிக்கட்டும் அவள் கையில்தான். முன்மேசையும் பில்லும் என் பொறுப்பு. கடன் கழுத்தை நெரித்ததால் இரண்டு வருடத்துக்கு முன் அவள் நிலையத்தைப் போர்ட்லேண்ட் நகரத்துக் கம்பெனி ஒன்றுக்கு விற்றாள். பலகை மாறியது, சுவரின் நிறம் மாறியது. அவளும் நானும் சம்பளத்துக்கு அதே இடத்தில் உட்கார்ந்தோம்.

கம்பெனியோடு கூடவே வந்தவன் ட்ரென்ட் வைலாண்ட். வட்டார மேலாளர். முப்பத்தைந்து வயதிருக்கும். பனியில் நடக்க லாயக்கில்லாத பளபளப்பான காலணி போட்டுக்கொண்டு வருவான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எதைப் பார்த்தாலும் அது லாபமா நஷ்டமா என்பதைத் தவிர வேறு கேள்வி அவனுக்குத் தோன்றாது. வசந்த காலத்தில் அவனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒட்டு நஷ்டப் பொருள். இனி வாங்க வேண்டாம்.

எனக்கு வந்த கோபத்தில் அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தேன். அன்றைக்கு முன்மேசையில் கோர்லிஸ் டோர் நின்றுகொண்டிருந்தாள். அவளும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகத் திட்டு வாங்கியவர்கள்.

"ஏண்டி இப்படிக் கத்தற? ஒட்டு வாங்கக் காசு இல்லையாமா?" என்றாள்.

"அவங்களுக்குக் காசு இருக்கு. மனசுதான் இல்ல."

"அப்ப நாங்க குடுக்கறோம்."

"கேக்கக் கூடாதுடி. சட்டம்."

"நீ எதுக்குக் கேக்கற? முட்டைப் பெட்டி கேக்குதா?"

எங்கள் பக்கத்தில் சாலையோரம் முட்டைப் பெட்டி வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு தகர டப்பா. ஆள் இருக்க மாட்டார்கள். முட்டையை எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். சில்லறை இல்லாதவன் அடுத்த வாரம் சேர்த்துப் போடுவான். யாரும் யாரையும் வேவு பார்ப்பதில்லை.

மறுநாளே ஒரு காப்பி டப்பாவைக் கழுவி முன்மேசையில் வைத்தேன். மேலே எதுவும் எழுதவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. போர்ட்லேண்டுக்காரன் இதைப் பார்த்தால் என்ன நினைப்பான் என்று ஒரு நொடி யோசித்திருக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் புத்தி வராது. டப்பா வைத்தால் அது வியாபாரம் இல்லை, அது நம்பிக்கை என்றே வளர்ந்துவிட்டோம். விழுந்த காசில் என் பெயரிலேயே ஒட்டுகளை வாங்கி அலமாரியில் வைத்தேன். ஓடெட் அலமாரியைத் திறந்தாள், பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் மூடினாள். கோடை முழுக்க ஓடியது.

நவம்பரில் கோர்லிஸின் கட்டைவிரல் போய்விட்டது.

வளையம் கட்டுகிறவர்களுக்கு வருகிற வலிதான். கடும்பனி விழுந்து இலை இறுகிய பிறகு காட்டுக்குள் போய், கிளை நுனிகளைக் கட்டைவிரலால் அழுத்தி 'டக்'கென்று ஒடிக்க வேண்டும். அப்புறம் கொட்டகையில் நின்று கொத்துக் கொத்தாக இரும்பு வளையத்தில் வைத்துக் கம்பியை இறுக்கிச் சுற்ற வேண்டும். ஒரு பருவத்துக்கு ஆயிரக்கணக்கில் ஒடிக்கிற விரல் அது. கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு வரை வீங்கி, சட்டைப் பொத்தான் போட முடியாமல் வந்து நின்றாள். குளிர்காலம் முழுக்க அவள் வீட்டைச் சூடாக்குகிற அடுப்புக்கு எண்ணெய் வாங்குவது வளையக் காசில்தான். கிறிஸ்துமஸுக்கு முன் கட்டினால் உண்டு, அதற்குப் பிறகு வளையத்தை எவன் வாங்குவான்? வலிக்கு ஊசி போட்டுக்கொள்ளவும் வழியில்லை. போன வருடம் போட்ட ஊசியில் சர்க்கரை எகிறி ஆஸ்பத்திரியில் கிடந்தவள் அவள். ஒட்டை விட்டால் அவளுக்கு வேறு கதியில்லை.

ஓடெட் ஆறு முறை ஒட்டுப் போட வேண்டும் என்று திட்டம் எழுதினாள், டாக்டரும் கையெழுத்துப் போட்டார். மூன்றாவது முறை முடிந்ததும் கோர்லிஸ் என் மேசைக்கு வந்து, என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி, மூடியைத் திறந்து காட்டிவிட்டு, பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

நவம்பர் கடைசியில், நன்றி தெரிவிக்கும் பண்டிகை முடிந்த வாரம் ட்ரென்ட் சொல்லாமல் கொள்ளாமல் வந்தான். வரவேற்பறையில் ஆட்கள் இருந்தார்கள். என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கிழவர் எல்வுட் தாக்ஸ்டர் சிகிச்சை முடிந்து வெளியே வந்து, வழக்கம்போலக் காசை டப்பாவில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து காலணி மாட்ட ஆரம்பித்தார்.

"இது என்ன?" என்றான் ட்ரென்ட்.

"டப்பா" என்றேன்.

"எதுக்கு?"

மழுப்பியிருக்கலாம். எனக்கு அது வராது. "நீ வாங்க மாட்டேன்னு சொன்ன ஒட்டுக்கு."

அவன் முகம் வெளுத்தது. என்னை ஒதுக்குப்புறமாக இழுத்துப் போய்க் குதித்தான். "வெர்னா, இது என்னன்னு புரியுதா உங்களுக்கு? காப்பீட்டுல அடங்கின பொருளுக்கு நோயாளிகிட்ட காசு வாங்கியிருக்கீங்க! தணிக்கை வந்தா கம்பெனியையே இழுத்து மூடுவாங்க!"

"வாங்கல. போட்டாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்!"

"உங்க ஊர்ல ஒண்ணா இருக்கும்."

தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு தெளிந்து ஒரு தீர்ப்புச் சொன்னான். ஒட்டுப் போட்டுக்கொண்ட ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, போட்ட காசைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். அவனே உறைகளை எடுத்து வைத்துக்கொண்டு முன்மேசையில் என் நாற்காலியில் உட்கார்ந்தான். எல்வுட்தான் முதலில் மாட்டினார்.

"சார், நீங்க இந்த டப்பால காசு போட்டீங்கல்ல?"

"எந்த டப்பா?"

"இதோ, உங்க மூக்குக்கு நேரா இருக்கே."

"ஓ, இதுவா? இது காப்பி டப்பால்ல?"

"சார், இப்பதான் போட்டீங்க. நான் என் கண்ணால பார்த்தேன்."

எல்வுட் காலணிக் கயிற்றை நிதானமாகக் கட்டி முடித்தார். "தம்பி, எனக்கு எழுபத்தி நாலு வயசு. எனக்குச் சேராத காசை இன்னி வரைக்கும் கையால தொட்டதில்ல. இப்ப நீ தொடச் சொல்ற. என் பேரைக் கெடுக்கப் பாக்கறியா?"

"இல்ல சார், இது உங்க காசு."

"என் காசுன்னா என் பையில இருக்கும். வரட்டா, வெர்னா."

போய்விட்டார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற ஜூனிக்குத் தொலைபேசி போட்டு, நானும் கேட்க வேண்டுமென்று ஒலிபெருக்கியில் வைத்தான்.

"டப்பாவா? சர்ச்சுல பீன்ஸ் விருந்துக்கு வசூல் பண்றாங்கன்னுல்ல நெனச்சேன்" என்றாள் ஜூனி.

"அப்ப போட்டீங்க, இல்லையா?"

"நெனச்சேன்னு சொன்னேன் ராசா, போட்டேன்னா சொன்னேன்?"

இப்படியே போனது. ஒருத்தி மறந்துவிட்டது என்றாள். ஒருவர் காது கேட்கவில்லை என்றார். அவருக்கு நன்றாகக் கேட்கும். யாருக்கும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியமாக. காசைத் திருப்பி வாங்கினால் ஓடெட்டுக்கு ஆபத்து என்று ஊருக்கே மூக்கில் வியர்த்துவிட்டது போலிருக்கிறது. மதியம் வரை உறைகள் மேசைமேல் அப்படியே கிடந்தன. எனக்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவனுக்கு அவமானமாகிவிட்டது. அவமானப்பட்டவன் கையில் அதிகாரம் இருந்தால் அது எங்கே பாயும் என்று தெரிந்ததுதானே. நேராக உள்ளே போய் ஓடெட்டிடம், "இன்னியிலிருந்து ஒட்டு கிடையாது. யாருக்கும் கிடையாது. அலமாரியில இருக்கறதை நான் எடுத்துட்டுப் போறேன்" என்றான்.

உள்ளே நாற்காலியில் கையை நீட்டி உட்கார்ந்திருந்தவள் கோர்லிஸ். நான்காவது முறைக்கு வந்திருந்தாள்.

எங்கள் இடத்தில் அறைகள் கிடையாது, திரைச்சீலைதான். அன்றைக்கு ஓடெட் திரையை இழுக்கவே இல்லை. வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்க்கும்படி நின்றாள். அவள் அதிகம் பேச மாட்டாள். அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை.

"நிறுத்தலாம், ட்ரென்ட். ஆனா திட்டத்துல ஆறு முறைன்னு இருக்கு. பாதியில நிறுத்தினா காரணம் எழுதணும். என்ன எழுதட்டும்?"

"பலன் இல்லைன்னு எழுதுங்க."

"பலன் இருக்கு. போன மாசம் பொத்தான் போட முடியல, இப்ப பாட்டில் திறக்கறாங்க."

"அப்ப நோயாளிக்கு விருப்பமில்லைன்னு."

"நோயாளி இங்கதான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்" என்றாள் கோர்லிஸ். "விருப்பத்துல கையை வேற நீட்டிக்கிட்டு இருக்கேன், பாரு."

"மேடம், இது உங்களைப் பத்தின விஷயம் இல்ல. இது நிர்வாக முடிவு."

"என் கட்டைவிரல் என்னைப் பத்தின விஷயம் இல்லையா? அது உன் கம்பெனியோடதா? அப்ப நீயே கூட்டிக்கிட்டுப் போ. போயி வளையம் கட்டச் சொல்லு."

வரவேற்பறையில் யாரோ சிரித்தார்கள். ட்ரென்டின் காது சிவந்தது. ஓடெட் கணினியைத் தன் பக்கம் திருப்பித் தட்ட ஆரம்பித்தாள். முடித்ததும் எல்லாருக்கும் கேட்கும்படி படித்தாள்.

"'சிகிச்சை பலன் தந்துகொண்டிருந்தது. நோயாளி தொடர விரும்பினார். ஒட்டின் விலை கட்டுப்படியாகவில்லை என்பதால் நிறுவனம் இன்று நிறுத்தியது. முடிவெடுத்தவர் ட்ரென்ட் வைலாண்ட்.' சரியா இருக்கா? ஏதாச்சும் தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்தறேன்."

"அதை நீங்க எழுத முடியாது!"

"ஏன், பொய்யா?"

"பொய்யான்னு இல்ல..."

"இதுல என் கையெழுத்து இருக்கணும். எனக்கு உரிமம் குடுத்தவங்க கேட்டா நான்தான் பதில் சொல்லணும். நான் எடுக்காத முடிவுக்கு என் பேரைப் போட மாட்டேன், ட்ரென்ட். நிலையத்தை வித்தேன். இதை விக்கல."

அந்த நிமிடம் அவளைக் கட்டிப்பிடித்து முத்தமிட வேண்டும்போல இருந்தது எனக்கு. ட்ரென்ட் வெளியே போய்க் காரில் உட்கார்ந்து தொலைபேசியை எடுத்தான். கண்ணாடியில் பனி படிந்து உள்ளே அவன் நிழல்தான் தெரிந்தது. கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். அவன் வரும் வரை யாரும் எழுந்து போகவில்லை. எல்வுட்கூட எதையோ மறந்து வைத்துவிட்டவர் போலத் திரும்பி வந்து கதவோரம் நின்றுகொண்டார். கோர்லிஸ் நீட்டிய கையை மடக்கவில்லை.

திரும்பி வந்தவன் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது. "ஒட்டு தொடரலாம்னு சொல்லிட்டாங்க. இந்த ஒரு நோயாளிக்கு. ஆனா டப்பா விஷயத்துக்கு ஒருத்தர் பொறுப்பேத்தாகணும், வெர்னா. காசு திரும்பிப் போகல. அதை இப்படியே விட முடியாது. ஓடெட் இல்லைன்னா..."

"நான்."

"என் கையில எதுவும் இல்ல."

என் கணவன் லோவெலின் படகைக் குளிர்காலத்துக்காக அப்போதுதான் கரையேற்றியிருந்தோம். வசந்தம் வரை வருமானம் என்னுடையது மட்டும். எங்கள் இருவரின் காப்பீடும் என் வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஓடெட் கேட்டுவிட்டு வேகமாக வந்தாள். "அப்ப நானும் போறேன்" என்றாள்.

"வாயை மூடு" என்றேன். "நீ போயிட்டா ஒட்டை யாரு போடுவா, இந்தத் தம்பியா? போயி உன் வேலையைப் பாரு."

பிறகு ட்ரென்டிடம் திரும்பினேன். "நான் போறேன். சண்டை போட மாட்டேன், வக்கீல் வைக்க மாட்டேன். ஆனா இந்த ஒருத்திக்குன்னு சொன்ன பாரு, அது செல்லாது. ஓடெட் யாருக்கு வேணும்னு எழுதறாளோ அவங்க எல்லாருக்கும் கம்பெனி காசுல ஒட்டு வாங்கி வைக்கணும். இங்க ஒதுக்குப்புறமா சொன்னா எனக்குக் காது கேக்காது. அங்க போயி, அவங்க முன்னாடி சொல்லு."

"வெர்னா, தயவுசெஞ்சு..."

"இல்லைன்னா அந்த வாக்கியத்தை ஓடெட் ஒவ்வொருத்தருக்கும் எழுதுவா. உன் பேரோட."

போனான். வரவேற்பறை நடுவில், அந்தப் பளபளப்பான காலணியில் உருகிய பனி வழிய நின்று, சொன்னான். முணுமுணுத்தான். எல்வுட் காதில் கையை வைத்து, "என்ன தம்பி, சரியாக் கேக்கல" என்றார். மறுபடி சொன்னான், உரக்க.

நான் என் மேலங்கியை எடுத்தேன். ஓடெட் கோர்லிஸின் மணிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோர்லிஸ் என்னைப் பார்த்து, "நாளைக்குக் காலையில கொட்டகைக்கு வா. உனக்கு வேற என்ன வேலை இருக்கு?" என்றாள்.

போனேன். கோர்லிஸின் விரலுக்கு ஓய்வு வேண்டும்; நுனி ஒடிக்கிற வேலையை நான் செய்தால், கம்பி சுற்றுவதை அவள் பார்த்துக்கொள்ளலாம். கொட்டகையில் விறகடுப்பு புகைந்தது, கையெல்லாம் பிசின் அப்பிக் கறுத்தது. நடுநடுவே நான் கட்டிய வளையங்களைப் பார்த்து அவள் அடித்த கிண்டலுக்கு அளவில்லை. "இது என்னடி, நாய் கடிச்சு வச்ச தொப்பியா?" என்பாள். பிரித்துவிட்டு மறுபடி கட்டச் சொல்வாள். ஆறாவது ஒட்டு முடிந்ததும் அவள் விரல் வீக்கம் இறங்கிவிட்டது; பழைய வேகம் வந்துவிட்டது. அந்தப் பருவத்துக்குச் சொன்ன வளையம் அத்தனையும் லாரியில் ஏறியது. அவள் வீட்டு எண்ணெய்த் தொட்டி நிரம்பிய அன்று என்னைக் கூட்டிப் போய் அளவுமானியைக் காட்டினாள். வாயைத் திறந்து நன்றி சொல்ல அவளுக்குத் தெரியாது.

என் மணிக்கட்டுதான் போனது. பத்தொன்பது வருடம் விசைப்பலகை தட்டிய கைக்குக் கிளை ஒடிக்கப் பழக்கமில்லை. கட்டைவிரலடியில் வீங்கி, காப்பிக் கோப்பையைத் தூக்கினால் உயிர் போனது. லோவெல் திட்டினான், தைலம் தேய்த்தான், மறுபடி திட்டினான். கடைசியில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஓடெட்டைக் கூப்பிட்டேன். "வா" என்றாள்.

என் நாற்காலியில் ரோவீனா என்றொருத்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஊர்க்காரி, நல்ல மாதிரி. அன்றைக்குப் பார்த்து ட்ரென்டும் வந்திருந்தான். கம்பெனிப் பெயர் போட்ட கோப்பைகளைப் பெட்டி பெட்டியாக இறக்கிக்கொண்டிருந்தான், நோயாளிகளுக்குப் பண்டிகைப் பரிசாம். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

"காப்பீட்டு அட்டை குடுங்க" என்றாள் ரோவீனா.

"இல்ல."

"வீட்டுல விட்டுட்டீங்களா?"

"இவரு எடுத்துக்கிட்டாரு. வேலையோட சேர்த்து. அடுத்த காப்பீடு ஜனவரியிலதான். அதுவரைக்கும் ரொக்கம்."

ரோவீனா பரிதாபமாகப் பார்த்துவிட்டுத் தட்டினாள். "ஒட்டுச் சிகிச்சை... ரொக்க விலை நாற்பது டாலர்."

"ஒட்டு?"

"அது இதுலயே அடக்கம்னு..."

"காப்பீடு இருக்கறவங்களுக்குத்தான் அந்த விதி. எனக்கு எந்த விதியும் இல்ல இப்ப. தனி வரியாப் போடு. மருந்துக்கு ஒரு வரி, ஒட்டுக்கு ஒரு வரி."

ட்ரென்ட் பெட்டியைத் தரையில் வைத்தான். "வேண்டாம் வெர்னா. உங்களுக்கு நான் சும்மாவே போடச் சொல்றேன். என் பொறுப்பு."

"சும்மாவா!" என்றேன். வரவேற்பறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "கோர்லிஸ் கையை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தப்ப இந்தச் சும்மா எங்க போச்சு? எனக்கு உன் தானம் வேண்டாம் தம்பி. ரோவீனா, நீ அடி. பத்தொன்பது வருஷமா அடிச்சா திரும்பி வந்த வரி அது. இன்னிக்கு எவன் திருப்பி அனுப்புவான்னு பாக்கறேன்."

அவள் அடித்தாள். இயந்திரத்திலிருந்து தாள் வந்தது. வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரிக்கு வரி படித்தேன். 'ஒட்டு, ஒன்று, பதினோரு டாலர்.' வளையம் கட்டிய காசை எடுத்துக் கடைசி டாலர் வரை எண்ணி வைத்தேன். நோட்டுகளில் இன்னும் பிசின் ஒட்டியிருந்தது, ரோவீனா பிரித்தெடுக்கச் சிரமப்பட்டாள்.

"பாத்துக்கோ" என்றேன் ட்ரென்டிடம். "இந்த ஊர்ல மொத முறையா ஒருத்தி ஒட்டுக்கு முழு விலையும் குடுத்திருக்கா. உன் கம்பெனிக்கு ஒரு காசு நஷ்டம் இல்ல. போர்ட்லேண்டுல பெரியவங்ககிட்ட போயி சொல்லு, வழி கண்டுபிடிச்சாச்சுன்னு. எல்லாரோட வேலையையும் காப்பீட்டையும் புடுங்கிடுங்க. அப்புறம் ஒட்டுல நஷ்டமே வராது."

அவன் குனிந்து தரையிலிருந்த பெட்டியை மறுபடி தூக்கிக்கொண்டான். ஓடெட் திரைச்சீலையை விலக்கி என் பெயரைக் கூப்பிட்டாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டே உள்ளே போனேன்.